இப்போது வருவதில்லை

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் தூக்கத்தோடு சண்டை போடுவதைச் சங்கரவடிவு நிறுத்திப் பல வருஷமாகிறது. அது வரும், கொஞ்ச நேரம் இமையில் உட்கார்ந்திருக்கும், தானாகப் போகும். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே பாதி தூங்க அவளுக்குத் தெரியும். விரல் மட்டும் மவுஸின் மேல் கிடக்கும், திரையில் வரிகள் மேலே போய்க்கொண்டிருக்கும். நாரத்தங்காய்க் கசப்பு இன்னும் நாக்கின் ஓரத்தில் இருந்தது. பாளையங்கோட்டையில் வைகாசி மாசத்து வெயில் ஜன்னல் கம்பியைத் தாண்டி மேஜை விளிம்புவரை வந்துவிட்டது, இன்னும் கொஞ்ச நேரத்தில் நாற்காலியைப் பின்னால் இழுக்க வேண்டும், இழுத்தால் எழுத்து தெரியாது, கண்ணாடியை மாற்ற வேண்டும், கண்ணாடிக் கடைக்குப் போக வேண்டும் என்று நினைத்து ஒரு வருஷமாகிறது, எல்லாம் கல்யாணம் முடியட்டும். கல்யாணம் என்றதும் அந்தச் சொல் வந்துவிட்டது. வரக்கூடாது என்றுதான் வேலையைத் திறந்து வைத்திருந்தாள். வேலை சின்ன வேலை இல்லை. தென்மாவட்டத்துக் கல்லூரி நூலகங்கள் பதினொன்று சேர்ந்து ஒரு கூட்டுப் பட்டியல் போடுகின்றன. எந்தப் பருவ இதழ் எந்த நூலகத்தில் இருக்கிறது, எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை, நடுவில் எது இல்லை. ஒருவரிடம் இல்லாததை இன்னொருவரிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். நல்ல காரியம்தான், யார் இல்லையென்றது. ஆனால் நல்ல காரியங்களைச் செய்கிறவர்களுக்குத்தான் கழுத்து வலிக்கிறது. உகரத்தில் தொடங்கும் இதழ்களையெல்லாம் இவள் தலையில் கட்டிவிட்டு, இன்று சாயங்காலத்துக்குள் முடித்துக் கொடுங்கள் மேடம் என்று மதுரையிலிருந்து பட்டியலைத் தொகுக்கிற அந்த டேவிட் தம்பி வாட்ஸப்பில் கும்பிடு போட்டிருந்தான்.

பதினொரு நூலகமும் பதினொரு விதமாக எழுதியிருந்தன. ஒன்று ஆண்டை எழுதும், ஒன்று தொகுதி எண்ணை எழுதும், ஒன்று ‘முழுவதும் உள்ளது’ என்று கம்பீரமாக எழுதிவிட்டுப் பக்கத்திலேயே ‘சில நீங்கலாக’ என்று சேர்த்திருந்தது. ‘சில இருக்கின்றன, சில இல்லை’ என்று ஒரு நூலகம் எழுதியிருந்ததைப் படித்தபோது மட்டும் காலையில் சிரிப்பு வந்தது. இந்தப் பதினொன்றில் உண்மை பேசியது அது ஒன்றுதான். எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஆக்க வேண்டும். எல்லோருக்கும் புரிகிற மாதிரி. பழைய அட்டைகளில் 1961 என்று எழுதி ஒரு சின்னக் கோடு போட்டு அப்படியே விட்டிருப்பார்கள். இதழ் இன்னும் வந்துகொண்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். இதழ் வருவது நின்று எத்தனையோ காலமான பிறகும் அந்தக் கோடு கையை நீட்டிக்கொண்டு நிற்கும், யாரும் அதற்கு அந்தப் பக்கம் ஒரு வருஷத்தை எழுதி முடித்து வைத்திருக்க மாட்டார்கள். இப்போது அவற்றையெல்லாம் முடித்து வைக்க வேண்டும். ‘காலிக் கட்டம் கூடாது. தெரியவில்லை என்று எழுதுவதைக் கூடுமானவரை தவிர்க்கவும்’ என்று டேவிட் விதிமுறையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தான். கூடுமானவரை. எதுவரை கூடும்? போன் அதிர்ந்தது, மேஜையின் மேல் நகர்ந்து வெயிலுக்குள் போனது, திரையில் அண்ணன் பெயர். எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணன் என்ன கேட்பான் என்று தெரியும். காலையிலும் அதைத்தான் கேட்டான், நேற்று ராத்திரியும் அதைத்தான் கேட்டான். அச்சாபீசுக்காரன் காத்துக்கிட்டு இருக்கான், என்ன போடச் சொல்ல. சாயங்காலத்துக்குள்ள சொல்லுதேன் அண்ணே என்று இவளும் நேற்று மாதிரியே சொல்லியிருந்தாள். இரண்டு பேருக்கும் சாயங்காலம் வேண்டுமாம், டேவிட்டுக்கும் அண்ணனுக்கும். ஒரே சாயங்காலத்தை எத்தனை பேருக்குப் பங்கு வைப்பது.

கேள்வி இவ்வளவுதான், ஒரே ஒரு சொல். மகள் சுபாஷினியின் கல்யாணப் பத்திரிகையில் அவள் அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா, வேண்டாமா? போட்டால் செத்துப்போனார் என்று அர்த்தம். போடாவிட்டால் உயிரோடு இருக்கிறார் என்று அர்த்தம். காந்திமதிநாதன் காணாமல் போய் ஒன்பது வருஷமாகிறது. செத்தாரா இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது. தெரியாது என்பதற்குக் கல்யாணப் பத்திரிகையில் போட ஒரு சொல் கிடையாது. எத்தனையோ விதமான பத்திரிகைகளை அவள் பார்த்திருக்கிறாள், மயிலிறகு வைத்தது, சந்தனம் மணக்கிறது, திறந்தால் பாட்டுப் பாடுகிறது, ஒருத்தனும் இதற்கு ஒரு வழி பண்ணி வைக்கவில்லை. போடாமல் விட்டால், தென்காசியிலிருந்து வரும் மாப்பிள்ளை வீட்டு ஜனம் மணமேடையில் பெண்ணின் அப்பா எங்கே என்று தேடும். போட்டால் இவள் மேடையை விட்டு இறங்க வேண்டும். தாரை வார்ப்பது அண்ணனும் மைனியும் என்று ஏற்கனவே பேசியாகிவிட்டது, அதில் ஒன்றுமில்லை. ஆனால் அந்த ஒரு சொல் ஏறிவிட்டால் இவள் பின்வரிசை நாற்காலியில், நெற்றியில் திருநீறோடு, தாலி கட்டும்போது எட்டிப் பார்க்கிற ஆளாகிவிடுவாள். காலம் மாறிப்போச்சு, இப்பம் யாரு அதெல்லாம் பாக்கா என்று மைனி சொன்னாள். பார்க்கிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் சொல்லுவார்கள். சம்பந்தியம்மாள் நல்ல மனுஷி. எதைப் போட்டாலும் எங்களுக்குச் சம்மதந்தான், ஆனா ஏதாவது ஒண்ணு இருக்கணும்லா என்றாள். காலிக் கட்டம் கூடாது. சுபாவோ, நீ எதைப் போட்டாலும் சரிம்மா, கேக்குறவங்களுக்கு மட்டும் என்னைப் பதில் சொல்ல வச்சிராத என்று பெங்களூரிலிருந்து சொல்லிவிட்டாள். எல்லோருக்கும் சம்மதம். எல்லோரும் சம்மதித்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டார்கள்.

குடையை ஏன் எடுத்துக்கொண்டு போனார்? எந்த வழியில் போனாலும் மனசு கடைசியில் இந்தக் குடையில் வந்துதான் மாட்டும், முள்வேலியில் சேலை மாட்டுகிற மாதிரி. அது மழைக்காலம் இல்லை. மாசி மாதம். நெடுஞ்சாலைத் துறையில் சர்வேயர். வெயிலில் நின்று நின்று கழுத்து கறுத்துப்போனவர், வெயிலுக்குக் குடை பிடிக்கிறவர்களைக் கேலி பண்ணுவார். அன்று, கூட வேலை பார்க்கிற ஒருவர் புதுவீட்டுப் பால்காய்ப்புக்குத் தூத்துக்குடி கிளம்பினார். பூப்போட்ட காகிதம் சுற்றிய சுவர்க்கடிகாரம் ஒரு கையில், குடை இன்னொரு கையில். மத்தியானம் வந்துருவேன், பருப்பு வேக வச்சிராத, அங்கயே சாப்பிட்டிருவேன் என்றார். இவள் ஈரத்தலையோடு நின்றாள், காலேஜ் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, என்ன பதில் சொன்னாள் என்று ஞாபகமில்லை, ஊம் என்றிருப்பாள். தூத்துக்குடியில் அந்த வீட்டுக்கு அவர் போய்ச் சேரவில்லை. கடிகாரமும் போய்ச் சேரவில்லை. சாக நினைத்தவர் குடை எடுத்துக்கொண்டு போவாரா? வீட்டை விட்டு ஓட நினைத்தவர் வேறு சட்டை எடுத்துக்கொள்ளாமல் குடையை மட்டும் எடுப்பாரா? இதை அவள் போலீசிடம் சொன்னாள். குடையாம்மா என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள், நிறம் கேட்டார்கள், கறுப்பு என்றாள், கறுப்பைத் தவிர வேறு நிறத்தில் ஆம்பிளைகள் எங்கே குடை பிடிக்கிறார்கள். ஆஸ்பத்திரிகளில் பார்த்தார்கள், பிணவறையில் ஒருமுறை அவளையே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அவர் இல்லை. அது வேறு யாரோ, வேறு யாரோ ஒருத்தியின் ஆள். வெளியே வந்து அண்ணன் சோடா வாங்கிக் கொடுத்தான். அதைக் குடித்துக்கொண்டிருக்கும்போது, அவராக இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்படி நினைத்தாள், மறைப்பதற்கு ஒன்றுமில்லை. நினைத்த பிறகு சோடா உள்ளே இறங்கவில்லை.

அழவில்லை என்பதுதான் ஊரில் பெரிய பேச்சு. அழுதால் மனுஷனை நீயே கொன்னுட்டியா என்பார்கள், அழாவிட்டால் கல்நெஞ்சுக்காரி. எதற்காக அழுவது என்று அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் நிஜம். செத்ததற்கு என்றால் செத்தது உறுதியாக வேண்டும். விட்டுவிட்டுப் போனதற்கு என்றால் அது உறுதியாக வேண்டும். உறுதிப்படாத ஒன்றுக்கு எந்த ராகத்தில் அழுவது. சோலாப்பூர் ரயில் நிலையத்தில் அவரை மாதிரியே ஒருத்தரைப் பார்த்ததாக அவருடைய ஆபீஸ்காரர் ஒருவர் மூன்றாம் வருஷம் வந்து சொன்னார். நல்லா சதை போட்டிருந்தார் மேடம் என்று வேறு சொன்னார். அந்தச் சதையை நினைத்து அவள் எத்தனை ராத்திரி தூங்காமல் கிடந்தாள். யார் சமைத்துப் போட்ட சதை? தாலியை ரவிக்கைக்கு உள்ளே ஊக்கு போட்டுக் குத்தி வைத்திருக்கிறாள், வெளியே தெரியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பொட்டு உண்டு, சின்னதாக, ஒட்டுப்பொட்டு. பூ வைப்பதில்லை. பூவை யாரும் தடுக்கவில்லை, அது தானாக நின்றது, ஒருநாள் பூக்காரியிடம் வேண்டாம் என்றாள், மறுநாளும் வேண்டாம் என்றாள், அப்புறம் பூக்காரி கேட்பதை விட்டுவிட்டாள். ஏழு வருஷம் ஒரு தகவலும் இல்லை என்றால் இறந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கோர்ட்டில் கேட்கலாம் என்று அண்ணனிடம் ஒரு வக்கீல் சொல்லியிருந்தார். ஏழு வருஷம் போய் இரண்டு வருஷமும் ஆகிவிட்டது. போவோம் அண்ணே, போவோம் என்று தட்டிக்கழித்துக்கொண்டே வந்தாள். வராதவரை வைத்துக்கொண்டு ஒரு கல்யாணம் வரும், அச்சாபீசு வரும் என்று அப்போது நினைக்கவில்லை. அலுத்துப்போயிற்று. துக்கம் என்று சொல்ல முடியாது. மூட்டை தூக்கினவன் தோள்மாதிரி, இறக்கி வைத்தால்கூட இன்னும் கனப்பது போல ஓர் அலுப்பு.

திரையில் அடுத்த வரி ‘உப்பளச் செய்தி’. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்த இதழ், உப்பளக்காரர்களின் சங்கம் ஒன்று தூத்துக்குடியிலிருந்து போட்டது. உப்பின் தரம், கடல்நீரின் அடர்த்தி, காற்றின் திசை, எந்த மாதம் பாத்தி கட்டலாம். படிப்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் பைண்டு பண்ணி வரிசையாக நிற்கிறது. பத்து நூலகங்கள் ஒரே மாதிரி எழுதியிருந்தன: 1961–1987, நின்றது. அதிசயமாக எல்லோரும் ஒத்துப்போயிருக்கிறார்களே என்று ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. பதினொன்றாவதாக நாகர்கோவில் மட்டும் 1961–1995 என்று எழுதியிருந்தது. ஒருத்தர் மட்டும் வேறு மாதிரி சொன்னால் அது பிழையாகத்தான் இருக்கும், கூப்பிட்டுத் திருத்திவிடுங்கள் என்பது டேவிட்டின் விதி. அதுவும் போக, ஏழு வருஷமாக எந்த நூலகத்துக்கும் வராத இதழை நின்றதாகவே கொள்ளலாம் என்றும் ஒரு விதி இருந்தது. இங்கேயும் ஏழு. வக்கீலைப் பார்த்து நூலகக்காரர்கள் எழுதினார்களா, நூலகக்காரர்களைப் பார்த்துக் கோர்ட்டு எழுதியதா. ஒவ்வொரு வரிக்கும் இரண்டு கட்டங்கள் உண்டு. முதல் கட்டம், இதழின் நிலை: வெளிவருகிறது, நின்றது, தெரியவில்லை. இரண்டாவது கட்டம், நம் நூலகத்தின் வரவு: வருகிறது, இப்போது வருவதில்லை. முதல் கட்டத்தில் ‘நின்றது’ என்று போட்டுவிட்டால் இரண்டாவது தானாக நிரம்பிக்கொள்ளும். நின்றுபோன இதழ் எப்படி வரும். அதனால் இத்தனை நாளாக யாரும் இரண்டாவது கட்டத்தைத் தொட்டதே இல்லை. இவளும் தொட்டதில்லை. முதலாவதை முடிவு பண்ணினால் போதும், மற்றது பின்னாலேயே வந்துவிடும்.

எழுந்துபோய்ப் பழைய அட்டைப் பெட்டியிலிருந்து உப்பளச் செய்தியின் அட்டையை எடுத்து வந்தாள். முழங்கால் ஒரு சத்தம் போட்டது. அட்டையில் இதழுக்கு ஒரு சின்னச் சதுரம், வந்தால் அதில் ஒரு டிக். டிக்குகள் வரிசையாக வந்து 1987 நவம்பரோடு நின்றிருந்தன. அதற்குப் பிறகு வெறும் சதுரங்கள். பின்பக்கம் சாலமன் சாரின் எழுத்து. இவள் வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் இருந்த நூலகர், இப்போது இல்லை. ‘நினைவூட்டுக் கடிதம் அனுப்பப்பட்டது’ என்று ஒருமுறை, ‘இரண்டாம் நினைவூட்டு’ என்று ஒருமுறை, ‘விலாசத்தில் ஆள் இல்லை, கடிதம் திரும்பியது’ என்று ஒருமுறை, கடைசியில் சிவப்பு மையில் ‘நின்றது’. பாவம் மனுஷர், மூன்று முறை கேட்டிருக்கிறார். இவளும் தன் புருஷனைப் பற்றிக் கேட்டாள். அவருடைய அண்ணன் புனேயில் இருந்தார், அவருக்கு எழுதினாள்; நாத்தனாருக்கு எழுதினாள்; அவர் கூடப் படித்த ஒருவர் திருச்சியில், அவருக்கும் எழுதினாள். மூன்றாவது கடிதத்தை எழுதி முடித்துப் படித்தபோதுதான் தெரிந்தது, இதழ் வராததற்குப் பதிப்பகத்தாருக்கு எழுதுகிற அதே வாசகத்தில் எழுதியிருந்தாள்: இதுவரை கிடைக்கப்பெறவில்லை, விவரம் தெரிவிக்கவும். கிழித்துவிட்டு வேறு எழுதவில்லை. அதையே அனுப்பினாள். இருபது வருஷமாக ஒரே வாசகத்தை எழுதிய கைக்கு வேறு என்ன வரும். பதில் யாரும் போடவில்லை. திருச்சிக்காரர் மட்டும் சஷ்டி விரதம் இருக்கச் சொல்லி ஒரு கார்டு போட்டார்.

சரி, இதை முடித்துவிடுவோம் என்று நாகர்கோவிலுக்குப் போன் போட்டாள். அங்கே நூலகர் ஜெஸிந்தா, நேரில் ஒருமுறைதான் பார்த்திருக்கிறாள், குரல் மட்டும் பழக்கம். உங்க வரியில ஒரு பிழை இருக்கும்மா, 87-ன்னு மாத்திருங்க என்று இவள் ஆரம்பித்ததும், அந்தப் பக்கம் கொஞ்சம் இருங்க மேடம் என்று சொல்லிவிட்டு ஜெஸிந்தா போனோடேயே நடந்தாள். செருப்புச் சத்தம், இரும்பு அலமாரியின் கதவு, ஒரு தும்மல். மற்ற பத்து நூலகமும் ஒரே மாதிரி சொல்லுதே, அது எப்படி என்று இவள் காத்திருக்கிற நேரத்தில் யோசித்தாள், யோசித்ததும் பதில் தானாக வந்தது. சின்ன நூலகங்கள் எப்போதும் பெரிய நூலகத்தின் பட்டியலைப் பார்த்துத்தான் எழுதும். இங்கே சாலமன் சார் சிவப்பு மையில் நின்றது என்று எழுதினார், அதைப் பார்த்து ஒருவர், அவரைப் பார்த்து இன்னொருவர். பத்துப் பேர் சொன்னதாகத் தெரிந்தது ஒரே ஆள் சொன்னது. அந்த ஒரு ஆளுக்கும் தெரிந்ததெல்லாம் கடிதம் திரும்பி வந்தது மட்டும்தான்.

“நிக்கல்ல மேடம்,” என்றாள் ஜெஸிந்தா. “நான் கையில வச்சிட்டுதான் பேசுகேன். அது எடம் மாறிப் போயிருக்கு. வேதாரண்யம் அட்ரஸ் போட்டிருக்கு. 95 வரைக்கும் எங்களுக்கு வந்திருக்கு, அதுக்கப்புறம் என்னாச்சுன்னு எங்களுக்கும் தெரியாது.”

அங்கே வேலை பார்த்த வேதியியல் பேராசிரியர் ஒருவர் அதில் கட்டுரை எழுதுவாராம், அதனால் புது விலாசத்திலிருந்தும் அவர்களுக்கு விடாமல் அனுப்பியிருக்கிறார்கள் என்றும் ஜெஸிந்தா சொன்னாள். தூத்துக்குடியில் சங்கம் இரண்டாக உடைந்து, ஒரு பகுதி ஆட்கள் இதழைத் தூக்கிக்கொண்டு வேதாரண்யம் போய்விட்டார்களாம். அட்டைப்படம்கூட அதேதான், உப்புக் குவியலும் ஒரு காற்றாடியும். நன்றிம்மா, மாத்த வேண்டாம், உங்களதுதான் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாள் சங்கரவடிவு.

அப்படியென்றால் இது வந்துகொண்டுதான் இருந்தது. இங்கே சாலமன் சார் ஒவ்வொரு கடிதமாகப் போட்டுக் காத்திருந்தபோதெல்லாம் வேதாரண்யத்தில் அச்சு ஓடிக்கொண்டிருந்தது, மை காய்ந்துகொண்டிருந்தது, யாரோ உட்கார்ந்து மடித்துத் தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தார்கள், பாளையங்கோட்டைக்கு மட்டும் ஒட்டவில்லை. நின்றது இதழ் இல்லை. நமக்கு வருவது நின்றது. அவள் மறுபடி அட்டையைப் பார்த்தாள், அந்த வெறும் சதுரங்களைப் பார்த்தாள், ஒரு கோபம் எழும்பி வந்தது, உப்பளக்காரர்கள் மேல் இத்தனை கோபமா என்று அவளுக்கே வேடிக்கையாக இருந்தது. ஒரு கார்டு போட்டால் என்ன? விலாசம் மாறிவிட்டது, இனிமேல் உங்களுக்கு அனுப்புவதாக இல்லை, இவ்வளவுதானே, இதை எழுதக் கையில் வாதமா? சோலாப்பூரில் சதை போட்டு நிற்கிற மனுஷனுக்கு ஒரு வரி எழுத என்ன கேடு? அல்லது சோலாப்பூரில் யாரும் இல்லை, அது வேறு யாரோ, இந்த மனுஷர் தூத்துக்குடி ரோட்டில் எந்த ஓடையிலோ கடிகாரமும் குடையுமாகக் கிடந்து அன்றைக்கே போய்விட்டார் என்றால் இந்தக் கோபம் பாவம். பாவம் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் ஒன்பது வருஷமாகக் கோபப்படவில்லை. கோபம் வந்துவிடுமோ என்ற பயத்தில் துக்கப்படவில்லை. ஒன்றுக்கு ஒன்று காவல். இரண்டும் முதல் கட்டத்தின் சங்கதி: இருக்கிறாரா, இல்லையா. அதை எழுதிவிட்டால் மற்றது தானாக நிரம்பும் என்று அந்த ஒரு கட்டத்தின் வாசலிலேயே நின்றுகொண்டு இருந்திருக்கிறாள். அந்தக் கட்டம் அவளுடையதா? உப்பளச் செய்தி வெளிவருகிறதா, நின்றதா என்று பாளையங்கோட்டை எப்படிச் சொல்லும்? நம்மிடம் இருப்பதை நாம் சொல்லலாம். நமக்கு வருவதை, வராததைச் சொல்லலாம். அதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை, ஏழு வருஷம் காத்திருக்க வேண்டியதில்லை. கை சும்மா கிடந்தது. இரண்டாவது கட்டத்தைத் தனியாகத் தொட முடியுமா என்று பார்ப்போம் என்று மவுஸைக் கொண்டுபோய் அதன் மேல் அழுத்தினாள். திறந்தது. இத்தனை நாளும் திறந்துதான் இருந்திருக்கிறது.

முதல் கட்டத்தில் ‘தெரியவில்லை’ என்று போட்டாள். டேவிட் திட்டினால் திட்டட்டும். குறிப்பில் வேதாரண்யத்தையும் நாகர்கோவிலில் 1995 வரை இருப்பதையும் எழுதினாள், யாராவது தேடிப் போகிறவர்கள் போகட்டும். நம் நூலகம் என்ற இடத்தில் 1961–1987, இப்போது வருவதில்லை. ஒருமுறை படித்துப் பார்த்தாள். அந்த வரியில் பொய் எதுவும் இல்லை, மழுப்பலும் இல்லை. இருபத்தாறு வருஷம் வந்தது வந்ததுதான், அது அலமாரியில் இருக்கிறது, அதை யாரும் இல்லையென்று ஆக்க முடியாது. வெயில் மேஜையை விட்டுக் கீழே இறங்கி அவள் காலடிக்கு வந்திருந்தது. போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை எடுத்தாள்.

“ஏ வடிவு, அவன் மிஷினை நிறுத்திப் போட்டுட்டு உக்காந்திருக்கான்,” என்றான் அண்ணன் ஆவுடையப்பன். கோபம் இல்லை, அவனுக்கும் அலுப்புதான். “அமரர்னு போட்டிருவமா, இல்ல வேண்டாமா?”

“அண்ணே, ‘என் மகள் கா. சுபாஷினி’ன்னு போடச் சொல்லுங்க. அழைக்கிறது நான். கீழ என் பேரு மட்டும் போதும்.”

அந்தப் பக்கம் அச்சாபீசின் வேறொரு மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. “காந்தி பேரு?”

“அவ இனிஷியல்ல இருக்கு.”

“மாப்பிள்ளை வீட்டுல கேட்டாவன்னா என்னத்தைச் சொல்ல?”

“எங்களுக்கு வரலன்னு சொல்லுங்க. வேற எங்கயாவது இருக்காரா, இல்லையான்னு எங்களுக்குத் தெரியாதுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் அண்ணே நமக்குத் தெரியும்.” அட்டையைத் தள்ளி வைத்தாள். “தாரை வார்க்க நீங்களும் மைனியும் நில்லுங்க. நான் பக்கத்துல நிப்பேன். பூ வச்சிட்டுத்தான் நிப்பேன்.”

சர்வேயர் மாப்பிள்ளையைப் பார்த்து முடித்து வைத்ததே அண்ணன்தான். பிணவறைக்குக் கூட வந்தவன். ஒன்பது வருஷமாக அவனும் ஒரு கட்டத்தை நிரப்பிக்கொடுக்கத்தான் அலைந்தான். கடைசியில், இது உனக்கு எப்பம்ளா தோணிச்சு என்று கேட்டான். இப்பந்தான், வேலை பார்த்துக்கிட்டு இருக்கையில என்றாள். சரி, நான் சொல்லிருதேன் என்றான், சொல்லிவிட்டும் உடனே வைக்கவில்லை, சாப்பிட்டியா என்று கேட்டான். சாப்பிட்டேன் என்றாள். அப்புறம்தான் வைத்தான்.

போனைக் கவிழ்த்து வைத்தாள். பருவ இதழ்ப் பிரிவில் யாரும் இல்லை, பரீட்சை முடிந்து பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டார்கள், மின்விசிறி மட்டும் தன் பழைய சத்தத்தோடு சுற்றிக்கொண்டிருந்தது. நாரத்தங்காய்க் கசப்பு இன்னும் போகவில்லை. வரல. அண்ணனிடம் சொன்ன அந்தச் சொல்லை இன்னொரு முறை மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். மத்தியானம் வந்துருவேன் என்றார், வரல. அவ்வளவுதான் நடந்தது. செத்தார் என்பது அவருக்கு நடந்திருக்கலாம், ஓடிப்போனார் என்பது அவர் செய்திருக்கலாம், அதெல்லாம் அவருடைய கணக்கு. இவளுக்கு நடந்தது இந்த ஒன்று. அது உறுதியானது, அதில் சந்தேகமே இல்லை, ஒன்பது வருஷமாகத் தினமும் நடந்தது. குடை எதற்கு என்று பழைய கேள்வி எட்டிப் பார்த்தது. எதற்காகவோ எடுத்தார். அப்போது அழுகை வந்தது. செத்துப்போனவருக்காக அழுகிற அழுகை இல்லை அது, விட்டுவிட்டுப் போனவரை நினைத்து அழுவதும் இல்லை. வரவில்லை என்று அழுதாள், பஸ் வரவில்லை என்று அழுகிற சின்னப்பிள்ளை மாதிரி, வாயைத் திறந்து, முந்தானையை வாயில் வைக்கக்கூடத் தோன்றாமல். கொஞ்ச நேரத்தில் அது தானாக ஓய்ந்தது. கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தபோது ஒட்டுப்பொட்டு அதோடு வந்துவிட்டது. அதைப் பிரித்தெடுத்துத் திரும்ப நெற்றியில் ஒட்டிக்கொண்டாள். டேவிட்டுக்கு இன்னும் பதினைந்து வரி பாக்கி இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனாள்.